அடியிலிருந்து மூன்றாவது அட்டை

பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று ரத்தம் எடுத்த பெண் சொன்னாள், பிடித்துக்கொண்டிருக்கிறேன். ரத்தம் எப்போதோ நின்றிருக்கும். ஆனாலும் விட மனமில்லை, விட்டால் இந்தக் கைக்கு வேறு வேலை இல்லை. மூன்று குழாய் எடுத்தாள், ஊதா மூடி ஒன்று, மஞ்சள் மூடி ஒன்று, கறுப்பு மூடி ஒன்று. கறுப்பு மூடிக் குழாயில் இருப்பதை அசையாமல் நிறுத்தி வைத்து, ஒரு மணி நேரத்தில் சிவப்பு எவ்வளவு தூரம் கீழே இறங்குகிறது என்று பார்ப்பார்களாம். உடம்புக்குள் எரிச்சல் இருந்தால் சீக்கிரமாக இறங்கிவிடுமாம், போன தடவை டாக்டரம்மா சொன்னார். இ.எஸ்.ஆர். என்று அதற்குப் பெயர். என் ரத்தம் இப்போது அந்தக் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருக்கிறது, நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன், எனக்கு முன்னால் அது பேசிவிடும். அறுபத்து நான்கு வருஷம் என்னோடு இருந்த ரத்தம். அதனிடம் வாயை மூடிக்கொள் என்று சொல்ல முடியாது. பூங்கொடி கட்டைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு டோக்கன் வாங்கி வருகிறாள், நடையில் அவசரம் இல்லை, என் மருமகளுக்கு எதிலும் அவசரம் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. "பதினோரு மணிக்கு ரிப்போர்ட் வந்துருமாமுங்கத்தை. அப்புறம் டாக்டரைப் பாத்துட்டுப் போயிரலாம்." சரி கண்ணு என்கிறேன். "வெறும் வயித்தோட இருக்கீங்க, ரத்தந்தான் குடுத்தாச்சே, இட்லி கொண்டாந்திருக்கறேன், சாப்பிடறீங்களா?" வேண்டாம் அம்மிணி, பசிக்கலை என்கிறேன். சொல்லி முடிக்கும்போதே வயிறு சத்தம் போடுகிறது, பக்கத்தில் இருப்பவர்களுக்குக்கூடக் கேட்டிருக்கும். பூங்கொடி பையின் வாயை மூடி மடியில் வைத்துக்கொள்கிறாள். கேட்காதது போல இருக்கிறாள்.

பையிலிருந்து இட்லி மணம் வருகிறது. எள்ளுப்பொடி, நல்லெண்ணெய். நான் வேறு எதையாவது நினைக்க வேண்டும். எதிர்ச் சுவரில் ஈரல் படம் மாட்டியிருக்கிறார்கள், பழுப்பும் சிவப்புமாக, ஆட்டுக்கறிக் கடையில் தொங்குவது போலவே. பக்கத்தில் இருக்கும் அம்மாள் கேட்கிறாள், "வூட்டுக்காரருக்குங்களா?" இல்லைங்க, அவர் போய்ச் சேர்ந்து ரொம்ப வருஷம் ஆச்சு, எனக்குத்தான். "உங்களுக்கா! ஈரலா?" என்று கேட்டு, கீழிருந்து மேல் வரை ஒரு பார்வை பார்க்கிறாள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும், எங்கள் வீதியில் எல்லோரிடமும் வாங்கியாயிற்று. குடிக்கிறவர்களுக்கு வருகிற வியாதி உனக்கு எப்படி வந்தது என்பது அதற்கு அர்த்தம். "எங்க வூட்டு ஆளுக்கு வந்ததுல ஞாயம் இருக்குதுங்க, ஒரு நாள் வுட்டதில்லை. உங்களுக்கு என்னங்க பாவம்" என்கிறாள். நல்லவள்தான், வாய்தான் பெரிது. என்ன சொல்வது? என் உடம்பே என் ஈரலை யாரோ அன்னியம் என்று நினைத்து அடிக்கிறது என்று டாக்டரம்மா சொன்னதைச் சொல்வதா? தீபாவளி சமயத்தில் கண் மஞ்சளாகி இங்கே வந்தபோது அப்படித்தான் சொன்னார். எனக்கு உடனே புரிந்தது. கோழிப் பண்ணையில் முட்டை அறையில் இருபத்தேழு வருஷம் இருந்தவள் நான். சில கோழி தன் முட்டையைத் தானே கொத்தித் தின்னும். ஒரு தடவை ருசி கண்டுவிட்டால் விடாது, வாயில் மஞ்சள் வழிய நிற்கும். அதைப் பார்த்தால் மற்றவர்கள் சிரிப்பார்கள், எனக்கு மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்ளத் தோன்றும். நோயைப் பற்றிச் சொன்னபோதும் அப்படித்தான் இருந்தது. வெட்கமாக இருந்தது, வேறொன்றும் இல்லை. பயம் பிறகுதான் வந்தது.

வெள்ளை மாத்திரை, மஞ்சள் மாத்திரை என்று இரண்டு கொடுத்தார். மஞ்சளோடு எனக்குச் சண்டை இல்லை. வெள்ளையை விழுங்கிய பதினைந்தாம் நாள் பசி வந்தது. அதைப் பசி என்று சொல்லலாமா தெரியவில்லை. காலையில் இரண்டு இட்லி, மத்தியானம் ஒரு கரண்டிச் சோறு என்று வாழ்ந்தவள், மூன்றாவது இட்லி கேட்டால் மற்றவர்களுக்குக் குறையுமே என்று வளர்ந்தவள். இலையில் எதையும் மிச்சம் வைக்காமலும் இரண்டாம் தடவை கேட்காமலும் எழுந்திருப்பதுதான் எனக்குத் தெரிந்த கௌரவம். அப்படிப்பட்ட எனக்குள் வேறு ஒருத்தி வந்து உட்கார்ந்துகொண்டாள். சாப்பிட்டுக் கை கழுவும்போதே அடுத்து என்ன என்று கேட்பாள். முகம் வட்டமாகியது, கன்னம் கண்ணை நெருங்கியது. சட்டியின் அடியில் ஒட்டிய சோற்றை வழித்துத் தின்றிருக்கிறேன். பேத்தியின் பிஸ்கட்டை எடுத்துவிட்டு, எறும்பு வந்துவிட்டது, கொட்டிவிட்டேன் என்று சொல்லியிருக்கிறேன். குழந்தை நம்பியது. நம்பி, எறும்பைத் தேடியது. ஆனால் அதெல்லாம் வீட்டுக்குள். வீட்டுக்குள் நடந்தது எதுவும், அந்தத் தை மாசத்தில், ராசிபுரத்தில், வேண்டாம், அதை இப்போது நினைக்க வேண்டாம். பஞ்சை எடுத்துப் பார்க்கிறேன், கடுகளவு சிவப்பு. மறுபடியும் வைத்து அழுத்துகிறேன்.

வெள்ளை மாத்திரையை விழுங்காமல் இருப்பது சுலபம். பூங்கொடி காலையில் உள்ளங்கையில் வைத்துக் கொடுப்பாள், தண்ணீர் டம்ளரை நீட்டுவாள், நான் விழுங்கும் வரை நின்று பார்க்கமாட்டாள், அது என்னைச் சந்தேகப்படுவது போல ஆகிவிடும் என்று திரும்பிக்கொள்வாள். அந்த மரியாதையைத்தான் நான் பயன்படுத்திக்கொண்டேன். நாக்குக்கு அடியில் ஒதுக்கி, பின்னால் போய், கறிவேப்பிலைத் தொட்டியில் விரலால் குழி போட்டுப் புதைத்துவிடுவேன். கசப்பு மட்டும் மத்தியானம் வரை வாயில் இருக்கும். பசி மெல்லப் போனது. முகம் இறங்கியது. எதிர்வீட்டு ராமாயி, இப்பத்தான் பழைய பாவாயி மாதிரி இருக்கறீங்க என்றாள், அந்த ஒரு பேச்சுக்காகவே இன்னும் நாலு புதைக்கலாம் என்று இருந்தது. கை கால் அசந்துபோனதையும் படுத்தால் எழுந்திருக்க முடியாததையும் வயசு என்று சொல்லிக்கொண்டேன். பங்குனியில் இங்கே வந்து ரத்தம் கொடுத்தோம். டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஈரல் உடைந்தால் ரத்தத்தில் கசிவது ஒன்று, எஸ்.ஜி.பி.டி., அது இருநூற்று நாற்பது. உடம்பின் எதிர்ப்புச் சத்து இன்னொன்று, ஐ.ஜி.ஜி., அது இரண்டாயிரத்து நானூறு. இ.எஸ்.ஆர். எழுபது. நான் மூன்றாம் வகுப்புதான், ஆனால் எண் என்றால் ஒரு தடவை கேட்டால் போதும். மாத்திரைக்குக் கேட்கிற உடம்புதானே, ஏன் ஏறியது என்றார் டாக்டரம்மா. என்னைக் கேட்கவில்லை. பூங்கொடியைப் பார்த்தார். "நீங்கதானே மாத்திரை குடுக்கறது? படிச்ச பொண்ணு, எண்ணிக் குடுக்கறதுக்கு என்ன? இவங்க வயசானவங்க, மறப்பாங்க, நீங்க மறக்கலாமா?" நான் மறப்பதா. ஒரு அட்டைக்கு முப்பது முட்டை, ஒரு பெட்டிக்கு ஏழு அட்டை, ஒரு லாரிக்கு எத்தனை என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஆனால் அன்றைக்கு வாய் திறக்கவில்லை. பூங்கொடி, "இனிமே பாத்துக்கறேனுங்க" என்றாள். வீட்டுக்கு வந்ததும் மகன் குமரேசன் குதித்தான். "எங்கம்மாளுக்கு ஒரு மாத்திரை எண்ணிக் குடுக்கத் துப்பில்லை உனக்கு, போனைப் பாக்கறதுக்கு மட்டும் நேரம் இருக்குது." நான் கூடத்தில் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். கேட்டுக்கொண்டே நறுக்கினேன். ஒவ்வொரு துண்டும் ஒரே அளவு. மகனைக் கூப்பிட்டு, அவ மேல தப்பில்லடா என்று ஒரு வரி சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? பூங்கொடி அடுக்களையிலிருந்து வந்து, நறுக்கியதை எடுத்துக்கொண்டு, "போதுமுங்கத்தை, கையக் கழுவிக்கோங்க" என்றாள். கண் சிவந்திருந்தது. வெங்காயம் இல்லாத சமையல் அன்றைக்கு.

அன்று டாக்டரம்மா இன்னொன்றும் சொன்னார். வெள்ளை மாத்திரையை நாலாக ஏற்றுகிறேன், சித்திரைக் கடைசியில் வாருங்கள், அப்போதும் இறங்கவில்லை என்றால் மருந்து வேலை செய்யவில்லை என்று அர்த்தம், விலாவில் ஊசி விட்டு ஈரலில் ஒரு துணுக்கு எடுத்துப் பார்க்க வேண்டும், வேறு பலமான மருந்துக்குப் போக வேண்டும். ஊசியை நினைத்தேன். நாலு மாத்திரைப் பசியையும் நினைத்தேன். நினைத்தும் புதைத்தேன். அப்புறம் நாள் நெருங்க நெருங்கப் பயம் வந்தது, கடைசிப் பத்து நாள் நாலையும் ஒழுங்காக விழுங்கினேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று இந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போதுதான் தெரிகிறது. பண்ணையில் கற்றுக்கொண்டது அது. வெளிநாட்டுக்குப் போகிற முட்டையைப் பார்க்க ஆள் வருகிற அன்றைக்கு, மேலே இரண்டு அட்டையில் நல்ல முட்டையாக, கழுவி, ஒரே அளவாக அடுக்குவோம், கீறலும் கறையும் கீழே போய்விடும். வருகிறவர்கள் மேலட்டையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுவார்கள். எல்லோரும் அப்படி இல்லை. கண்ணாடி போட்ட ஒருவர் வருவார், மேலட்டையைத் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார், அடியிலிருந்து மூன்றாவது அட்டையை உருவு என்பார். உருவிக் கொடுப்பது நான்தான். அடுக்கச் சொன்னது மேஸ்திரி, வெட்கம் மட்டும் எனக்கு. எஸ்.ஜி.பி.டி. மேலட்டை, நாலு மாத்திரை போட்டால் சில நாளில் இறங்கிவிடும். ஐ.ஜி.ஜி. அப்படி இல்லையே, மெதுவாகத்தான் ஏறும், மெதுவாகத்தான் இறங்கும் என்று டாக்டரம்மா சொன்னாரே. அதைக் கேட்டும் நான் மேலட்டையை மட்டும் அடுக்கியிருக்கிறேன்.

நாலு விழுங்க ஆரம்பித்த மூன்றாம் நாளே பசி திரும்பி வந்துவிட்டது. வந்த இரண்டாம் நாளே பூங்கொடி என் தட்டில் கேட்காமல் ஒரு தோசை கூட வைத்தாள். "மாவு புளிச்சுப் போயிருமுங்கத்தை, நீங்க ஒண்ணு எச்சா சாப்பிடுங்க." மறுநாள் இரண்டு. மாவு ஒன்றும் புளிக்கவில்லை, எனக்கு நாக்கு இருக்கிறது. போன வாரம் பின்பக்கம் போனால், கறிவேப்பிலைச் செடி புது மண்ணில் நிற்கிறது. பழைய மண்ணைக் கொட்டிவிட்டாள். "செடி வாடுச்சுங்க, மண்ணை மாத்திட்டேன்" என்றாள், துணி காயப்போட்டுக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல். அந்த மண்ணில் என்ன கண்டாள்? தண்ணீர் பட்டால் மாத்திரை கரைந்துவிடும், கரைந்திருக்கும், எல்லாமா கரைந்திருக்கும்? கண்டிருந்தால் கேட்டிருப்பாள். கேட்கமாட்டாள். குமரேசனிடம் சொல்லியிருப்பாள். சொல்லியிருந்தால் அவன் குதித்திருப்பான். இப்போது பக்கத்தில் உட்கார்ந்து, பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, டிவியில் ஓடும் எழுத்தைப் பார்க்கிறாள். பக்கவாட்டில் அவள் முகத்தைப் பார்க்கிறேன். ஒன்றும் தெரியவில்லை. முட்டையை விளக்குக்கு முன்னால் பிடித்தால் உள்ளே ரத்தப் புள்ளி இருப்பது தெரியும். மனுஷ முகத்தை எந்த விளக்கில் பிடிப்பது? என்னை அவள் எந்த விளக்கில் பிடித்துப் பார்த்தாளோ. இட்லி மணம் விடாமல் வருகிறது. ராசிபுரம். சரி, நினைத்துத் தொலைக்கிறேன். கொழுந்தனார் மகள் கல்யாணம். முதல் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டேன், பாயசம் வரை, இலையை மடித்து எழுந்தேன். கை கழுவினேன். மண்டபத்து வாசலில் நின்று, உள்ளே இலை போடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். கால் தானாகப் போனது. ஆள் தெரியாத ஓரமாகப் பார்த்து இரண்டாம் பந்தியில் போய் உட்கார்ந்துவிட்டேன். தண்ணீர் தெளித்து இலையைத் துடைத்துக்கூட விட்டேன், இப்போதுதான் வந்தவள் போல. சாம்பார் வாளியோடு வந்தவன் செல்லமுத்து, எனக்கு மகன் முறை. குனிந்தவன் நிமிர்ந்தான். "ஏனுங்க பெரியம்மா, மொதப் பந்தி அதுக்குள்ள செரிச்சுப் போச்சுங்களா?" வரிசை முழுக்கச் சிரித்தது. எதிர் வரிசையிலிருந்து ஒருத்தி, "ஊத்தப்பா, ஈரல்தான் கெட்டுப் போச்சு, வயிறாச்சும் நல்லா இருக்கட்டும்" என்றாள். அதற்கு இன்னும் பெரிய சிரிப்பு. நான் எழுந்திருக்க வேண்டும். எழுந்திருக்கவில்லை. அதுதான், அதைத்தான் இத்தனை மாசமாக என்னிடமே சொல்லாமல் இருக்கிறேன். அவர்கள் சிரித்ததற்காக இல்லை. அவர்கள் சிரித்த பிறகும், தலையைக் குனிந்துகொண்டு, அந்தச் சோற்றை நான் தின்றேன்.

பாவாயி, பாவாயி, என்று கூப்பிடுகிறார்கள். பூங்கொடி என் முழங்கையைப் பிடித்து எழுப்புகிறாள், பஞ்சு கீழே விழுகிறது. டாக்டரம்மா வாங்கம்மா என்கிறார், ரிப்போர்ட் அவர் முன்னால் விரித்து இருக்கிறது. தலைகீழாக இருந்தாலும் எண் எண்தான். எஸ்.ஜி.பி.டி. எழுபத்தெட்டு. அடுத்த தாளை அவர் திருப்பும்போது நான் ஜன்னலைப் பார்க்கிறேன். "எஸ்.ஜி.பி.டி. நல்லா இறங்கியிருக்கு. சந்தோஷம். ஆனா ஐ.ஜி.ஜி. ரெண்டாயிரத்து எழுநூறு, போன தடவையவிட ஏறியிருக்கு. இ.எஸ்.ஆரும் எண்பத்தஞ்சு. ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகலையே." பேனாவால் தாளைத் தட்டுகிறார். கண்ணாடிக்காரர் அட்டையை உருவிவிட்டார். "ஒண்ணு, மருந்து பாதிதான் கேக்குது, அப்படின்னா நான் சொன்ன மாதிரி ஈரல்ல துணுக்கு எடுத்துப் பாக்கணும். இல்லன்னா மாத்திரை ஒழுங்கா போகலை." மறுபடியும் பூங்கொடி பக்கம் திரும்புகிறார். "உண்மையச் சொல்லுங்க, எப்படிக் குடுத்தீங்க?" பூங்கொடி பையைப் பிடித்த பிடி இறுகுகிறது. "தினமும் குடுத்தனுங்க டாக்டர். நடுவுல கொஞ்ச நாள், வூட்டு வேலையில, எனக்கு வுட்டுப்போச்சுங்க. என் தப்புதானுங்க." ஒரு நாளும் விட்டதில்லை. உள்ளங்கையில் மாத்திரை வைத்து, டம்ளரை நீட்டி, திரும்பிக்கொண்டு நிற்கும் முதுகு, ஒரு நாளும் தவறியதில்லை. தெரிந்திருக்கிறது. தொட்டி மண்ணைக் கொட்டிய அன்றைக்கே தெரிந்திருக்கிறது, தெரிந்துதான் இட்லி கட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். டாக்டரம்மா பெருமூச்சு விட்டுவிட்டு, "இப்படிப் பண்ணா எப்படிம்மா" என்று ஆரம்பிக்கிறார், அவரைக்காய் நறுக்கும் சத்தம் எனக்குக் கேட்கிறது.

"அவ குடுத்தாளுங்க" என்கிறேன். என் குரல் பெரிதாக வந்துவிட்டது. "ஒரு நாள் தப்பாமக் குடுத்தா. நாந்தான் முழுங்கலை. தையிலிருந்து முழுங்கலை. இந்தப் பத்து நாளாத்தான் முழுங்கறேன், நீங்க பாப்பீங்கன்னு." டாக்டரம்மா பேனாவை வைத்துவிட்டார். "ஏம்மா? வாந்தி வந்துச்சா, வயிறு எரிஞ்சுதா?" ஆமாம் என்று சொல்லிவிடலாம். அவரே எடுத்துக் கொடுக்கிறார், தலையை ஆட்டினால் போதும். மறுபடியும் நல்ல முட்டையை மேலே வைத்ததாகிவிடும். "பசிக்குதுங்க" என்கிறேன். அந்த ஒரு சொல்லுக்கு முகம் முழுக்கச் சூடாகிறது, காது எரிகிறது, அறுபத்து நாலு வயசில் மருமகளுக்கு முன்னால், யாரோ ஒரு பெண்ணிடம், எனக்குப் பசிக்கிறது என்கிறேன். டாக்டரம்மாவுக்குக் கோபம்தான் வருகிறது. "இதைச் சொல்றதுக்கு என்னங்கம்மா? அந்த மாத்திரைக்குப் பசிக்கும், எல்லாருக்கும் பசிக்கும். இது தெரியாம நான் உங்களுக்கு விலாவுல ஊசி விட்டிருப்பேன். திடீர்னு நிறுத்தினா உயிருக்கே ஆபத்து, தெரியுமா? இன்னும் மூணு வாரம் ஒழுங்கா முழுங்குங்க, மறுபடி ரத்தம் பாக்கறேன். ஐ.ஜி.ஜி. இறங்குதான்னு பாத்துட்டு மெல்லக் குறைக்கலாம். ஊசி இப்ப வேண்டாம்." என்னவோ எழுதுகிறார். நான் பூங்கொடி பக்கம் திரும்புகிறேன். "குமரேசன்கிட்ட நான் சொல்லிக்கறேன் அம்மிணி" என்கிறேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள், இன்றைக்கும் வெங்காயம் இல்லை.

வெளியே அதே பெஞ்ச். அந்த அம்மாள் இன்னும் அங்கேயே இருக்கிறாள், சுவரில் ஈரல் இருக்கிறது. பூங்கொடி பையைத் திறந்து தூக்குப்போசியை எடுக்கிறாள், மூடியில் இட்லி வைத்துப் பொடியைக் குழைத்து நீட்டுகிறாள். எண்ணாமல் இருக்க என்னால் முடியாது, நாலு. தின்கிறேன். அந்த அம்மாள் பார்க்கிறாள். பார்க்கிறாள் என்று தெரிந்தே தின்கிறேன், கழுத்தெல்லாம் கூசுகிறது, கூசிக்கொண்டே விரலை வழிக்கிறேன். நாலாவது முடிந்தது. போசிக்குள் இன்னும் இருக்கிறது, மேலே தெரிவதற்குக் கீழேயும் இருக்கும். பூங்கொடி தானாகவே வைப்பாள், மாவு புளித்துவிடும் என்று ஏதாவது சொல்லிக்கொண்டு வைப்பாள், நான் காத்திருந்தால் போதும். கரண்டியை எடுத்துவிட்டாள். அதற்குள் நான் மூடியை நீட்டுகிறேன்.

"இன்னும் ரெண்டு வை, அம்மிணி."